வயலினுக்கு மேல் வைத்த இரண்டு இலட்சம்

சாய்ந்தமருது
09.04.2025

அன்பின் மச்சான் அஸ்ஹருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு. மெல்போர்னில் நீயும் உன் மனைவி மக்களும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாச்சியாவும் நானும் பிள்ளைகளும் அவன் கிருபையால் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் எதிர்க்கட்சியில் இருக்கிறது.

ரெஜிஸ்டர் தபாலைக் கண்டதும் பயந்திருப்பாய். யாரும் மவுத்தாகவில்லை, காணி வழக்கும் இல்லை. தினமும் வட்சப்பில் கதைக்கிறவனுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைப்பாய். வட்சப்பில் சொன்னால் நீ சிரிப்பாய். "விட்றா ஷரிபு" என்பாய். பெருவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த நிமிடம் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவாய். இந்த விசயம் அப்படி முடியக் கூடாது மச்சான். அதனால்தான் பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல் தடவையாக உனக்குக் கடிதம் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பொறுத்துக்கொள்.

இந்த வருடம் எனக்கு ஹஜ் கிடைத்திருப்பது உனக்குத் தெரியும். இன்ஷா அல்லாஹ், மே மாத நடுவில் பயணம். போவதற்கு முன் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்குப் பொருத்தம் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு அது இரண்டு நாள் வேலை. முப்பத்தைந்து வருடம் காணியும் வள்ளமும் ட்ரக்டரும் விற்றுக் கொடுத்த தரகனுக்கு அது ஒரு வார வேலை. பெருநாளுக்கு மறுநாள் தொடங்கினேன். சிலர் கட்டிப்பிடித்து அழுதார்கள். அச்சிமுகம்மது மட்டும், நான் வாங்கிக் கொடுத்த வளவுக்குப் பாதை இல்லாமற்போன கதையை எடுத்து ஒரு மணித்தியாலம் ஏசினார். ஏசி முடித்து, தேத்தண்ணி தந்து, பொருந்திக்கொண்டார். இப்போது மிச்சமிருப்பவன் நீ ஒருவன். மற்ற எல்லோரிடமும் "ஏதும் பிழை விட்டிருந்தால்" என்று பொதுவாகக் கேட்டேன். உன்னிடம் அப்படிக் கேட்க முடியாது, ஏனென்றால் பிழை என்னவென்று எனக்குத் தெரியும்.

உன் வாப்பாவின் வயலினைப் பத்து இலட்சத்துக்கு விற்றேன் என்று உனக்குச் சொன்னேன். அது போனது பன்னிரண்டு இலட்சத்துக்கு.

இந்த இரண்டு வரியையும் எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். இனி நடந்ததை முறையாகச் சொல்கிறேன்.

போன நவம்பரில் நீ எடுத்துச் சொன்னதெல்லாம் எனக்குப் பாடம். வாப்பா மவுத்தாகி ஒன்பது வருடம், வயலின் தங்கச்சி றாஹிலா வீட்டு அலுமாரிக்கு மேலே கிடக்கிறது, கறையான் தின்னுமுன் விற்றுக் காசை அவளிடமே கொடு, அவள் இன்னும் இரண்டு தறி போட்டு ஒரு கொட்டிலும் அடிக்க ஆசைப்படுகிறாள் என்றாய். உன் மூன்று வீதத்தை வெட்கப்படாமல் எடு என்றும் நீயாகவே சொன்னாய். கடைசியில், "இதச் செய்றதுக்கு ஒன்ன விட்டா எனக்கு ஆளில்ல" என்றாய். இப்போது என்னை நித்திரை கொள்ள விடாதது அந்தக் கடைசி வசனம்தான்.

எனக்கு வயலினைப்பற்றி என்ன தெரியும்? ஒலுவிலில் வள்ளம் விற்பதென்றால் பலகையைத் தட்டிப் பார்த்து, விரிசலை மறைத்து, புதுப் பெயின்ற் அடித்துக் காட்டுவேன். வயலினையும் தட்டிப் பார்த்தேன். மங்கலாக இருந்தது, ஆகவே தேங்காய் எண்ணெய் பூசி மினுக்கினேன். பேஸ்புக்கில் படத்தைப் போட்டதும் கொழும்பிலிருந்து ஒருவர் ஒன்றரை இலட்சம் தருவதாகச் சொன்னார். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. உன் தங்கச்சிதான் விடவில்லை. "விலை தெரியாத சாமான ஒங்களப்போல ஆக்கள்ட குடுத்துட்டு இருக்கேலா காக்கா. தெரிஞ்ச ஆருக்காச்சும் காட்டுங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். உன் வாப்பா மாஸ்டரின் மகள் அல்லவா, வாய் அவருடையது.

தெரிந்த ஆள் பாண்டிருப்பில் இருந்தார். பெயர் சிவகௌரி, பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஸ்கூட்டியில் வருவார், போவார், தலைக்கவசத்தைக் கழற்றாமலே பாதிக் கதையை முடித்துவிடுவார். நான் பெட்டியைத் திறந்ததும் மணந்து பார்த்து, "என்ன பூசின நீங்க?" என்று கேட்டார். தேங்காய் எண்ணெய் என்றேன். "நல்ல காலம், பெயின்ற் அடிக்கல்ல" என்றுவிட்டு, மெல்லிய துணியால் ஒரு மணித்தியாலம் துடைத்தார். நான் சும்மா இருக்க முடியாமல், இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போகிறேன், கடைசிக் காசு மட்டும் கட்டினால் சரி என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு உள்ளே ஒரு சின்னக் கண்ணாடியை விட்டு, டோர்ச் அடித்துப் பார்த்தார். வில்லை எடுத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார்.

அந்தச் சத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. என் மயிர்க்கால் எழும்பியது என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை ரீச்சரும் நானும் கொழும்புக்குப் போய், வயலின் திருத்துகிற ஒருவரிடம் காட்டினோம். பஸ்ஸில் எட்டு மணித்தியாலமும் ரீச்சர் பெட்டியை மடியில் வைத்திருந்தார், மேலே தட்டில் வைக்க விடவில்லை. நான் வாங்கிக் கொடுத்த சாப்பாட்டையும் வேண்டாமென்று, கட்டிக்கொண்டு வந்த பாற்சோற்றைச் சாப்பிட்டார். திருத்துகிறவர் பழைய பிரெஞ்சு வேலை என்று சொல்லி, பத்துக்குக் குறையாது, பன்னிரண்டு வரை போகும் என்று கடதாசியில் எழுதித் தந்தார். ஒன்றரைக்குக் கொடுக்க இருந்த எனக்குத் தலை சுற்றியது. உன் வாப்பா பண்டாரவளையில் படிப்பித்தபோது, தோட்டத்து டொக்டரின் விதவை ஊரைவிட்டுப் போகையில் எழுபத்தைந்து ரூபாய்க்குக் கொடுத்த சாமானாம் அது. றாஹிலா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வாங்க ஆள் தேடித் தந்ததும் ரீச்சர்தான். நாவிதன்வெளியில் நல்லரெத்தினம் என்று நிறைய வயலுள்ள ஒரு போடியார், அவருடைய மகள் யதுர்ஷா மட்டக்களப்பில் சங்கீதம் படிக்கிறாள், மேற்படிப்புக்குச் சென்னையில் இடம் கிடைத்திருக்கிறது. ரீச்சர் சொன்ன வார்த்தை இது: "அவள்ற கை அவள்ற வயலினத் தாண்டிப் போயிட்டு. இது நல்ல சாமான் எண்டு நான் தகப்பனுக்குச் சொல்லுவன். விலை நான் கதைக்க மாட்டன். அது நீங்களும் அவரும்." நல்லரெத்தினம் ட்ரக்டர் மாற்றுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த காசு அது. நான் பன்னிரண்டு என்றதும் ஒரு ரூபாய் பேரம் பேசவில்லை மச்சான். "ரீச்சர் சரியெண்டு சொன்னவதானே" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். முடிந்தது.

எங்கள் தொழிலில் கீப் என்று ஒன்று இருக்கிறது. விற்கிறவனுக்கு ஒரு விலை, வாங்குகிறவனுக்கு ஒரு விலை, நடுவில் மேலே வைத்தது தரகனுக்கு. பழகிய கை, தானாகவே வைத்தது. பன்னிரண்டு வாங்கும் இடத்தில் உனக்குப் பத்து என்றேன். நீ சந்தோசத்தில் கத்தினாய். அப்போதாவது எனக்குச் சுட்டிருக்க வேண்டும்.

கீப் வைத்தால் இரண்டு பக்கமும் விலை கதைக்க விடக் கூடாது. காணி என்றால் ஆட்களைச் சந்திக்க விடாமல் பார்த்துக்கொள்ளலாம். வயலினை றாஹிலா தன் கையால் கொடுக்க ஆசைப்பட்டாள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். றாஹிலாவிடம், "அவங்களுக்கு இது சரஸ்வதிட பொருள், விலை கதைச்சா மனம் நோகும், வாயத் திறக்காத" என்றேன். நல்லரெத்தினத்திடம், "அது மவுத்தான மனிசன்ட சாமான், அந்த ஊட்டுக்குள்ள விலை கதைக்கிறது எங்கட ஆக்களுக்குக் கூடாது" என்றேன். இரண்டும் பொய். அந்தத் தமிழ் ஊருக்கும் எங்கள் முஸ்லிம் ஊருக்கும் ஒருவரையொருவர் நோகடித்துவிடக் கூடாதென்று ஒரு பயம் எப்போதும் இருக்கிறது. சண்டைக் காலத்தில் பட்ட பாட்டில் வந்த நல்ல பயம் அது. அந்தப் பயத்துக்குள் என் இரண்டு இலட்சத்தை ஒளித்து வைத்தேன்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, மருதமுனையில் றாஹிலா வீட்டில் எல்லோரும் கூடினோம். காசு முதல் நாளே என் வங்கிக் கணக்குக்கு வந்து, பத்து அவளுடைய கணக்குக்குப் போயிருந்தது. ஆள் காட்டித் தந்தவருக்கு ஒரு பங்கு கொடுப்பது தொழில் முறை. பதினைந்தாயிரத்தை உறையில் போட்டு, ஒரு தொதல் இனிப்புப் பார்சலுக்குள் வைத்து, ரீச்சரின் கையில் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறப்பார் என்று நினைத்தேன். அந்த மனிசி பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கிறேன் என்று அங்கேயே பிரித்துவிட்டார்.

உறையைத் திறந்து பார்த்தார். எடுத்து மேசைக்கு நடுவில் வைத்தார். முகத்தில் கோபமில்லை. நல்லரெத்தினத்தைப் பார்த்து, "அண்ணன், இந்தக் காக்கா எனக்குத் தந்த காசு இது. உங்கள்ற பிள்ளைக்கு இந்த வயலின் நல்லமெண்டு சொன்னது நான். நாளைக்கு உங்களுக்குத் தெரிய வந்தா, ரீச்சர் காசுக்குத்தான் சொன்னவ எண்டு நினைப்பீங்க. பிள்ளை ஒவ்வொரு நாளும் வாசிக்கக்குள்ள அந்தச் சந்தேகம் அதுக்குள்ள கிடக்கும்" என்றார்.

காசே வேண்டாமென்று தட்டிவிட்டிருந்தால் ஒரு நல்ல மனுசி என்று சொல்லிவிட்டு மறந்திருப்பேன். அப்படியும் செய்யவில்லை. தன்னுடைய பையிலிருந்து கொப்பித் தாள் ஒன்றை எடுத்தார். இரண்டு நாள் வேலை, கொழும்பு பஸ் காசு, புதிதாகப் போட்ட ஒரு செட் கம்பி, எல்லாம் பதினோராயிரத்துச் சொச்சம் என்று எழுதினார். "வேலைக்குக் கூலி வேணும், நான் தர்மத்துக்குச் செய்யல்ல. ரெண்டு பக்கத்துக்கும் செய்த வேலை, ரெண்டு பக்கமும் பாதி பாதி தாங்க" என்று சொல்லி, நல்லரெத்தினத்திடம் பாதியும் றாஹிலாவிடம் பாதியும் வாங்கி, இருவருக்கும் கையெழுத்து வைத்துத் துண்டு கொடுத்தார். உறை மேசையிலேயே கிடந்தது, போகும்போது நானே எடுத்துக்கொண்டேன். நான் முப்பத்தைந்து வருடம் தரகு எடுத்திருக்கிறேன், ஒரு நாளும் இப்படித் தலை நிமிர்ந்து எடுத்ததில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் பாடுபட்டீங்கதானே காக்கா. நீங்க எவ்வளவு எடுத்தீங்க?" என்று கேட்டார்.

அல்லாஹ் எனக்கு ஒரு கதவைத் திறந்து தந்தான் மச்சான். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. நான், "வழமைபோல, மூணு வீதம்" என்றேன். நல்லரெத்தினம் எழுந்து வந்து, அது காணாது என்று சொல்லி, வாசலில் இறக்கி வைத்திருந்த சம்பா அரிசி மூட்டையில் ஒன்றை எனக்கென்று காட்டினார். அதையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஒரு மாதம் சாப்பிட்டோம்.

அன்றைக்கு அந்தப் பிள்ளை வாசித்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அவளை யாரும் கேட்கவில்லை, அவளுக்கே பொறுக்கவில்லை. நிலத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, வயலினைக் காலுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடினாள். பத்து நிமிடமிருக்கும். அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. றாஹிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். முடிந்ததும், "வாப்பா இருந்திருந்தா எழும்பிப் போய்க் கதவச் சாத்தியிருப்பார், ரோட்டால போறவங்க குறை சொல்லுவாங்க எண்டு. சாத்திப்போட்டு உள்ளுக்கிருந்து கேட்டிருப்பார்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. வாத்தியம் விற்ற காசு மார்க்கத்தில் கூடுமா என்று மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். முகைதீன்பாவா ஹாஜியார் ஒரு மௌலவியிடமே போய்க் கேட்டு வந்தார். வயலின் காசு ஹலாலா என்று கேட்டவர்கள் உண்டு, என்னுடைய தரகு ஹலாலா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த இரண்டு இலட்சத்தைக் கொண்டுபோய் ஹஜ்ஜுக்குக் கடைசிக் காசாகக் கட்டினேன். சரியாகக் காணும்படி வந்தது அல்லாஹ்வின் ஏற்பாடு என்று நாச்சியாவிடம் சொன்னேன். அவளும் நம்பி அவனுக்கு நன்றி சொல்லி சுக்ரு செய்தாள்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். பொருத்தம் கேட்கும் பட்டியலில் பாண்டிருப்பையும் சேர்த்திருந்தேன். ரீச்சர் வீட்டு வாசலில் நின்று, "ஹஜ்ஜுக்குப் போறன் ரீச்சர், ஏதும் பிழை விட்டிருந்தா பொருந்திக்குங்க" என்றேன். கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். பிறகு, "எனக்கு நீங்க ஒரு பிழையும் விடல்ல காக்கா. விட்ட பிழை ஒண்டு எனக்குத் தெரியும். ஆனா அதப் பொருந்திறதுக்கு நான் ஆளில்ல" என்றார்.

பெப்ரவரியில் தறிப் புடவை வாங்கப் போன ரீச்சரிடம் உன் தங்கச்சி, விலை கதைத்தால் சரஸ்வதிக்குக் கோபம் வருமா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அப்படி ஒன்று தன் வாழ்நாளில் கேள்விப்படாத ரீச்சருக்கு உடனே விளங்கிவிட்டது. றாஹிலாவுக்கு எவ்வளவு வந்தது என்று மெல்லக் கேட்டு அறிந்துகொண்டார். நல்லரெத்தினம் கொடுத்தது எவ்வளவு என்பது யதுர்ஷா சொல்லி ஏற்கெனவே தெரியும். அப்படியானால் இரண்டு மாதமாக ஏன் ரீச்சர் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் சொல்லியிருந்தா றாஹிலா ஏசியிருப்பா, நீங்க வேற ஒரு காரணம் சொல்லியிருப்பீங்க, ரெண்டு ஊருக்கும் ஒரு கதையாகியிருக்கும். நீங்க ஹஜ்ஜுக்குப் போறனெண்டு முதல் நாளே சொன்னீங்கதானே. போற ஆக்கள் எல்லாரும் வந்து கேக்கிறவங்க எண்டு எனக்குத் தெரியும், சின்ன வயசில இருந்து பாத்து வாறன். நீங்களும் வருவீங்க. உங்கள்ற வாயால வரட்டும் எண்டு பாத்திட்டு இருந்தன்."

மச்சான், எனக்கு அறுபத்தொரு வயது. அரசாங்கக் கச்சேரி பார்த்திருக்கிறேன், நீதிமன்றம் பார்த்திருக்கிறேன், பெரிய பெரிய ஆலிம்களின் பயானில் முன்வரிசையில் இருந்திருக்கிறேன். எங்கள் மார்க்கத்தின் மேல் எங்களைவிட நம்பிக்கை வைத்து, ஒரு தரகனின் மானத்தை இரண்டு மாதம் பொத்தி வைத்திருந்த மனுசியை நான் கண்டதில்லை. அந்தக் கதிரையில் இருந்து அழுதேன். அவர் எழுந்துபோய் உள்ளே ஏதோ வேலையைப் பார்த்தார், நான் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை வெளியே வரவில்லை.

பாண்டிருப்பிலிருந்து நேரே றாஹிலா வீட்டுக்குத்தான் போனேன். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசினாள். தறி கட்டும் மனிதர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். அடங்கிய பிறகு, தன்னுடைய பங்கைப் பொருந்திக்கொண்டதாகச் சொன்னாள். உடனே இன்னொன்றும் சொன்னாள்: "வாப்பாட பொருள்ல எங்கட அஸ்ஹர் காக்காக்கு ரெண்டு பங்கு, எனக்கு ஒண்டு. காக்கா தன்ட பங்க எனக்குத் தந்தது பத்து எண்டு நினைச்சி. தெரியாத ரெண்டு லட்சத்த அவர் எப்புடித் தந்திருப்பார்? அது இன்னும் அவர்ட ஹக்கு. அவர்ட்டக் கேளுங்க." எந்த மௌலவியும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார். நீயே காக்காவிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன் என்று கெஞ்சினேன். "இதுக்கும் தரகரா?" என்றாள். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நல்லரெத்தினத்திடமும் போனேன். வயல் வரம்பில் வைத்தே சொன்னேன். "விலை சரியான விலைதான் காக்கா, அதுல எனக்குக் கவலையில்ல. அந்த ஊட்டுப் பேரச் சொல்லி என்ட வாயக் கட்டின நீங்க, அதுதான் பாரம்" என்றார். பிறகு றாஹிலாவின் நம்பரை வாங்கி, அங்கேயே நின்று அவளோடு கதைத்தார். அவர்கள் பன்னிரண்டு, பத்து என்று சத்தமாக விலை கதைத்துச் சிரித்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அரிசி மூட்டைக்குக் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அதையும் பொருந்திவிட்டார்.

ஹஜ்ஜுக்குக் கட்டிய காசைத் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே மோட்டார் சைக்கிளை விற்றேன். மோட்டார் சைக்கிள் இல்லாத தரகன் வலையில்லாத மீன்காரன்தான், அது போகட்டும். வாங்க ஆள் காட்டித் தந்தவன் கராஜ் றிம்சான். அவனுக்கு மூவாயிரம் கொடுத்தேன், வாங்கியவருக்கு முன்னால், சத்தமாகச் சொல்லிக் கொடுத்தேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். கை நடுங்காமல் கொடுத்த முதல் தரகு அதுதான். அந்தக் காசோடு கொஞ்சம் கைமாற்றும் வாங்கி, இரண்டு இலட்சத்தையும் நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு றாஹிலாவிடம் கொடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு, சிவகௌரி ரீச்சரைப்போல ஒரு துண்டும் எழுதித் தந்தாள். பிரதி ஒன்று இத்துடன் இருக்கிறது, பார்த்துக்கொள்.

நீ தந்த மூன்று வீதத்தையும் அவளிடமே வைத்துவிட்டேன். தருவாய் என்றால் எடுப்பேன், தராவிட்டால் கேட்க மாட்டேன். அதைப்பற்றி இரண்டாம் கதை இல்லை.

நாச்சியாவுக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. இன்று காலை ஹஜ்ஜுக்கு உடுக்கும் இஹ்ராம் துணியைத் துவைத்துக் காயப் போட்டிருந்தாள். நான் போவதா இல்லையா என்று அவளிடம் இன்னும் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருக்கிறது. உன் பதில் வந்தால் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

மே பத்தாம் திகதிக்கு முன் எனக்கு ஒரு வரி எழுது. தபால் சுணங்கும் என்றால் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பு, ஆனால் உன் கையெழுத்தாக இருக்க வேண்டும். பொருந்தினேன் என்று எழுது. முடியாது என்றால் முடியாது என்று எழுது, நான் குறை நினைக்க மாட்டேன். சிரித்துக்கொண்டு மட்டும் விட்டுவிடாதே. றாஹிலாவிடம் சொல்லி அனுப்பாதே, ஊரில் வேறு ஆரிடமும் சொல்லி அனுப்பாதே. ஆயுள் முழுக்க இரண்டு பேருக்கு நடுவில் நின்று சாப்பிட்டவன் நான். இந்த ஒன்று மட்டும், நடுவில் ஆளில்லாமல், உன் கையிலிருந்து என் கைக்கு வரட்டும்.

நீ என்ன எழுதினாலும், போய்ச் சேர்ந்தால் உன் வாப்பாவுக்காகவும் உனக்காகவும் அங்கே கையேந்துவேன். அல்லாஹ் உன் பிள்ளைகளின் கைகளில் பரக்கத் செய்வானாக, ஆமீன்.

சினேகிதன் என்று கையெழுத்து வைக்க உன் ஒரு வரியைப் பார்த்திருக்கும்,

ஆ. லெ. ஷரிபுதீன்